பயிற்சியில் நிற்கிறாள், போட்டியில் டாக்வாக்கிலிருந்து பறக்கிறாள்

டெக்ஸாஸ்_வெயில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாயோடு அஜிலிட்டி (தடைகளைத் தாண்டி, ஏறி இறங்கி ஓடும் போட்டி) ஓடும் தமிழர்கள் இங்கே சிலர் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி. ஆங்கிலக் குழுக்களில் கேட்டால் பதிலுக்கு முன்னால் ஆளுக்கொரு வீடியோ பாடத்தின் விலைதான் வந்து விழுகிறது.

என் நாய் சுண்டல், காப்பகத்திலிருந்து எடுத்து வந்த கலப்பு, பாதி பார்டர் காலி, மீதியை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. வயது மூன்று, தோள் உயரம் 19 அங்குலம். அமெரிக்கன் கென்னல் கிளப்பில் (ஏ.கே.சி.) கலப்பு நாய்களுக்கான கேனைன் பார்ட்னர்ஸ் பதிவில், 20 அங்குலத் தாண்டல் பிரிவில், நோவிஸ் என்ற தொடக்க நிலை ஓடுகிறோம். ஜம்பர்ஸ் வித் வீவ்ஸில் ஒரு தொல்லையும் இல்லை, அதில்தான் ஏறி இறங்கும் கான்டாக்ட் தடையே கிடையாதே. அதுவும் சேர்ந்த ஸ்டாண்டர்டில்தான் வம்பு. பின்னங்கால் இரண்டும் பலகையில், முன்னங்கால் இரண்டும் தரையில் என்று நிற்கும் 'டூ ஆன் டூ ஆஃப்' முறையில் பழக்கினேன். வீட்டுப் பின்புறத்தில் ஒரு பலகை போட்டிருக்கிறேன், அதில் சொல்லவே வேண்டாம், தானாகப் போய் நின்றுகொண்டு தின்பண்டம் எங்கே என்று பார்ப்பாள். வகுப்பிலும் அப்படியே. போட்டியில் கூரை மாதிரி இருபுறமும் சரிந்த ஏ-ஃப்ரேமை ஒருவழியாக மிதித்துவிடுகிறாள், ஒடுக்கமான பலகைப் பாலமான டாக்வாக்கில் மட்டும் கீழே மஞ்சள் தொடங்கும் இடத்துக்கு முன்பே ஒரே பாய்ச்சல். நடுவர் கை மேலே போகிறது, அன்றைய க்யூ, அதாவது தேர்ச்சி, போச்சு.

வகுப்பு நடத்துபவர் சொல்வது: பலகை முடியும் இடத்துக்கு நீ முதலில் போய் நில், கட்டளையைச் சத்தமாகச் சொல். கூட ஓடும் நண்பர் சொல்வது: நிற்க வைப்பதெல்லாம் பழைய கதை, ஓடிக்கொண்டே மிதிக்கும் ரன்னிங் கான்டாக்டுக்கு மாறு. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. நான் முதலில் போய் நிற்பதாவது! அவள் வேகத்துக்கு நான் சைக்கிளில் வந்தால்தான் உண்டு.

மாறலாமா, இதையே சரி செய்யலாமா?

---

கெண்ட்_மழை எழுதியது:

மாறுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் உங்கள் நாய்க்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வரி: ஏ-ஃப்ரேம், டாக்வாக், சீசா மூன்றிலும் பலகையின் கீழ்ப்பகுதிக்கு வேறு நிறம் அடித்திருப்பார்கள், பெரும்பாலும் மஞ்சள், அதுதான் கான்டாக்ட் பகுதி. இறங்கும்போது ஒரு பாதத்தின் ஓரமாவது அதில் பட வேண்டும். 1978இல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையில் குதிரைத் தாண்டலைப் பார்த்து ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாகத் தொடங்கிய விளையாட்டு இது, ஆனால் எந்தக் குதிரையும் நாலடி உயரப் பலகையில் ஏறி ஓடுவதில்லை. அங்கிருந்து நாய் முழு வேகத்தில் பாய்ந்து இறங்கினால் தோளும் மணிக்கட்டும் வாங்கும் அடிக்காகத்தான் அந்த மஞ்சள்.

நாய்க்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. மஞ்சள் அதன் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், ஆனால் நிறத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குத் தெரிவது இரண்டு: தன் கால் எங்கே இருக்கிறது, நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள். வகுப்பில் டாக்வாக் முடியும் இடத்தில் நீங்கள் வேகம் குறைக்கிறீர்கள், கை பைக்குள் போகிறது, தோள் நாயின் பக்கம் திரும்புகிறது. போட்டியில் இதில் ஒன்றும் இல்லை, அடுத்த தாண்டலை நோக்கி ஓடுகிறீர்கள். உங்கள் சுண்டல் பழகியிருப்பது 'பலகை முடிவில் நில்' என்பதா, 'அப்பா நின்றால் நீயும் நில்' என்பதா? என் சந்தேகம் இரண்டாவது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். நாளைக்கு வீட்டுப் பலகையில் அவளை அனுப்பிவிட்டு, அவள் முடிவுக்கு வரும்போது நீங்கள் நிற்காமல் முன்னால் ஓடிப் போய்விடுங்கள். அடுத்த முறை பின்தங்கி நின்றுவிடுங்கள். பிறகு பக்கவாட்டில் விலகிப் போங்கள். ஒரு பந்தை அவள் முன்னால் உருட்டி விடுங்கள். இத்தனைக்கும் அசையாமல் நின்று, 'இனிப் போகலாம்' என்ற உங்கள் ரிலீஸ் வார்த்தை காதில் விழுந்த பிறகு மட்டும் இறங்கினால் அவளுக்கு வேலை தெரியும், கோளாறு வேறெங்கோ. ஒன்றில் நழுவினாலும் வேலை இன்னும் பாதிதான் தெரியும் என்று அர்த்தம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை: ரிலீஸ் வார்த்தையைச் சொல்லும் அதே நொடியில் உடம்பும் கிளம்பிவிடுகிறது. 'ஓகே' என்று சொல்லிக்கொண்டே முன்னால் காலெடுத்து வைத்தால் நாய் வார்த்தையைக் கேட்பதில்லை, காலைத்தான் பார்க்கிறது. வார்த்தை தனியாக, உடம்பு சிலை மாதிரி. அது வந்த பிறகுதான் நகர்வது. போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும், 'நான் நகரவே இல்லை' என்று சத்தியம் செய்பவர்கள்தான் முதலில் நகர்வார்கள்.

தின்பண்டத்தை உங்கள் கையிலிருந்து, முகத்துக்கு நேராகக் கொடுக்காதீர்கள். தரையில், அவளுடைய முன்னங்கால்களுக்கு நடுவே. தலை கீழே போனால் எடை பின்னால் போகும், பின்னங்கால் பலகையில் தங்கும். கனடாவின் பயிற்சியாளர் சூசன் காரெட் பரப்பிய மூக்குத் தொடல் இதற்குத்தான்: பலகை முடிவில் ஒரு சின்னக் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் சதுரம், அதை மூக்கால் மறுபடி மறுபடி தொட வேண்டும், பிறகு சதுரத்தைச் சிறிதாக வெட்டிக்கொண்டே போய்க் கடைசியில் எடுத்துவிட வேண்டும். இதில் அவசரப்பட்டு எடுக்கிறவர்களே அதிகம்.

சத்தமாகக் கட்டளையிடும் யோசனையை விட்டுவிடுங்கள். தெரியாத வேலையை உரக்கச் சொன்னால் தெரிந்துவிடாது.

---

சூரிச்_பனி எழுதியது:

கெண்ட் அக்கா சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கோ. ஆனால் 'பழைய கதை' என்று சொன்ன உங்கள் நண்பருக்காகவும் ஒருவர் கதைக்க வேண்டும்தானே, நான் ரன்னிங் கான்டாக்ட் ஓடுகிற ஆள்.

இங்கே எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் விதிகள். ஏ-ஃப்ரேம் உச்சி 170 செ.மீ., அதில் கான்டாக்ட் பகுதி 106 செ.மீ., டாக்வாக்கிலும் சீசாவிலும் 90 செ.மீ. தவறவிட்டால் 5 ஃபால்ட் (பிழைப் புள்ளி), ஓட்டம் அதோடு முடிந்துவிடாது. உங்கள் ஏ.கே.சி.யில் அப்படியில்லை, தவறினால் நோவிஸிலேயே க்யூ கிடையாது. இங்கே உலகப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு நொடியின் சிறு பங்கு கணக்கு, அதனால் நிற்காமல் ஓடும் முறைக்குப் பெரிய மவுசு. ஸ்லோவேனியாவின் சில்வியா டிர்க்மன் காட்டிய வழிதான் ஐரோப்பாவில் பலருக்கும் தொடக்கம்: பலகையைத் தரையில் மட்டமாகப் போட்டு, நாயை முழு வேகத்தில் ஓடவிட்டு, பின்னங்கால் கடைசிப் பகுதியில் படும் ஓட்டத்துக்கு மட்டும் 'சரி, பரிசு உண்டு' என்று சொல்லும் கிளிக் சத்தம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவது. கேட்கச் சுகமாக இருக்கும்.

உண்மை என்னவென்றால், அந்த கிளிக் சரியான நேரத்தில் விழ வேண்டும் என்றால் உங்கள் கண் பழக வேண்டும். நாய் ஓடுகிறதா, தாவுகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பின்னங்காலும் சேர்ந்து ஒரே இடத்தில் ஊன்றினால் அது தாவலுக்கு எழும்பும் கால். ஒன்றன்பின் ஒன்றாக, தள்ளித் தள்ளி விழுந்தால் ஓட்டம். மஞ்சளில் பட்டுவிட்டது என்று தாவலுக்குத் தின்பண்டம் கொடுத்தால் தாவலைத்தான் வளர்க்கிறீர்கள், பிறகு ஒரு நாள் அதே தாவல் ஒரு சாண் முன்னால் நடக்கும். போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டம் இல்லாமல் நான் இன்றைக்கும் பயிற்சி செய்வதில்லை.

அதற்குப் பிறகு திருப்பம். நேராக ஓடி மிதிக்கும் நாய், டாக்வாக் முடிந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்தால் அடி வைப்பையே மாற்றிவிடும். நேர் ஓட்டத்துக்கு ஒரு வார்த்தை, திருப்பத்துக்கு வேறு வார்த்தை என்று புதிதாக ஒரு பாடம். முழு அளவு டாக்வாக் கிழமைக்குப் பல தடவை கிடைத்தால்தான் இது சரிவரும். கிழமைக்கு ஒருமுறை வகுப்பில் மட்டும் டாக்வாக் பார்க்கிற நாய்க்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

ஏற்கெனவே நிற்கப் பழகிய நாயை ஓட்டத்துக்கு மாற்றுவது இன்னும் கரைச்சல். பலகை முடிவு வரும்போது இரண்டு பழக்கமும் மண்டைக்குள் சண்டை பிடிக்கும், விளைவு அரைகுறை நிறுத்தமும் அரைகுறைப் பாய்ச்சலும். என் எண்ணம்: டாக்வாக்கை நிறுத்தமாகவே வைத்திருங்கோ. விருப்பமென்றால் ஏ-ஃப்ரேமை மட்டும் ஓட்டமாக்கலாம், அதை நாய் தனித் தடையாகத்தான் பார்க்கும். அமெரிக்காவில் ரேச்சல் சாண்டர்ஸின் பெட்டி முறை இருக்கிறது: பிளாஸ்டிக் குழாயால் தரையில் ஒரு சட்டம், நாய் அதற்குள் கால் பதித்து வெளியேறப் பழகும், பிறகு அதே சட்டத்தை ஏ-ஃப்ரேமின் அடிப்பகுதியில் வைப்பார்கள். செங்குத்தான தடையில் பெரிய நாயை நிறுத்தி நிறுத்தித் தோளை வதைப்பதைவிட அது மேல் என்று நான் நினைக்கிறேன். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

---

டெக்ஸாஸ்_வெயில் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. சோதனை முடிவு: பின்தங்கினால் நிற்கிறாள், பக்கத்தில் விலகினாலும் நிற்கிறாள், பந்துக்குக்கூடக் கொஞ்சம் நடுங்கிக்கொண்டு நின்றாள். நான் முன்னால் ஓடினால் மட்டும் அவ்வளவுதான், பலகை என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. அக்கா சந்தேகப்பட்டது சரிதான். ரன்னிங் கான்டாக்ட் யோசனையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன், முழு டாக்வாக் எனக்கு வாரம் ஒருமுறைதான் கிடைக்கும்.

இப்போது வேறு இரண்டு கேள்வி. ஒன்று, தவறவிட்டால் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகை முடிவில் நிறுத்தி வை என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள், அதைச் செய்யலாமா? இரண்டு, நான் கண்டிப்பாக இருந்தால் அவள் இறங்கும் பலகையில் பூனை நடை போடத் தொடங்குகிறாள். நிற்கிறாள், ஆனால் வந்து சேர்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

---

டொராண்டோ_ஏரி எழுதியது:

அண்ணா, நான் நாய்களுக்கான உடற்பயிற்சி மருத்துவம் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் என் கேள்வி வேறு மாதிரி இருக்கும். இந்தப் பூனை நடை எப்போது தொடங்கியது? முன்பு வேகமாக வந்த நாய் திடீரென்று மெதுவாக இறங்கினாலோ, ஏ-ஃப்ரேம் உச்சியில் தயங்கினாலோ, வீட்டில் காரிலிருந்து இறங்க யோசித்தாலோ, பயிற்சியை விட்டுவிட்டு முதலில் தோளையும் தொடையின் உள்தசையையும் யாராவது தொட்டுப் பார்க்க வேண்டும். நகத்தையும் பாருங்கள். நீண்ட நகத்தோடு சரிவில் இறங்கும் நாய்க்கு ஒவ்வொரு அடியும் வழுக்கல்தான். பலகையின் மேற்பரப்பும் முக்கியம். வீட்டுப் பலகை வெறும் பெயிண்டா? பெயிண்டோடு மணல் கலந்து அடியுங்கள், அல்லது ரப்பர் துகள் பரப்பு ஒட்டுங்கள். வழுக்கும் பலகையில் வேகம் கேட்பது அநியாயம்.

உடம்பு சரியாக இருந்தால், பூனை நடைக்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் திரும்பக் கூட்டிப் போய் நிறுத்தும் வேலைதான். நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள்: குதித்தேன், ஓடினேன், திடீரென்று கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு பலகையில் நிறுத்துகிறார்கள். எது தப்பு என்று அதற்கு விளங்காது, அந்தப் பலகை சங்கடமான இடம் என்பது மட்டும் நன்றாக விளங்கும். அடுத்த முறை அங்கே மெதுவாகத்தான் வரும், அல்லது இன்னும் சீக்கிரம் குதித்துத் தப்பிக்கப் பார்க்கும். தவறவிட்டால் பேசாமல் நில்லுங்கள், தின்பண்டம் இல்லை, திரும்பத் தொடக்கத்துக்குப் போய் இன்னொருமுறை. அதுவும் தவறினால் நீங்கள் கேட்பது அதிகம், ஓட்டத்தைக் குறையுங்கள்.

முன்னால் ஓடுவதையும் ஒரே நாளில் கேட்கக்கூடாது. முதலில் ஓர் அடி முன்னால் நடப்பது, அவள் நின்றால் நீங்கள் திரும்பி வந்து கால்களுக்கு நடுவே தின்பண்டம். பிறகு இரண்டு அடி, பிறகு மெதுவோட்டம், கடைசியில்தான் முழு ஓட்டம். நீங்கள் போகும் தூரம் அவளுக்குக் கிடைக்கப்போகும் பரிசுக்கான அறிகுறியாக மாற வேண்டும். வேகத்துக்கு: பின்னாலிருந்து தொடங்குங்கள். டாக்வாக்கின் இறங்கும் பலகையில் கடைசியில் அவளைத் தூக்கி வைத்து ஒரே அடியில் நிற்கும் இடத்துக்கு வரவிடுங்கள், அப்புறம் கொஞ்சம் மேலிருந்து, அப்புறம் நடுப் பலகையிலிருந்து. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்த நாய் அங்கே ஓடிப் போகும். பெரிய நாயைத் தூக்கி வைப்பது உங்கள் இடுப்புக்கு ஆகாது என்றால் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள்.

சீசாவில் மட்டும் அவசர ரிலீஸ் கொடுத்துப் பழக்காதீர்கள். மற்ற இரண்டிலும் தவறினால் க்யூ போகும், சீசாவில் பலகை தரையைத் தொடுவதற்குள் இறங்கினால் நாய் விழும். எஃப்.சி.ஐ. போட்டியில் ஒரு கிலோ எடையைக் கான்டாக்ட் பகுதியின் நடுவில் வைத்தால் பலகை 2 முதல் 3 நொடிக்குள் இறங்க வேண்டும் என்று விதி. அதனால் குட்டி நாய் அந்த நேரம் முழுவதும் அந்தரத்தில் காத்திருக்க வேண்டும், உங்கள் சுண்டல் எடைக்குப் பலகை டபக்கென்று போய்விடும். ஒவ்வொரு மைதானத்திலும் சத்தம் வேறு, ஆட்டம் வேறு. இரண்டு நாய்க்கும் பயம் வரலாம், காரணம்தான் வேறு.

---

கெண்ட்_மழை எழுதியது:

டொராண்டோ சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் என் ஓட்டு. 'பேசாமல் நில்லுங்கள்' என்பது வீட்டில் சரி. போட்டியில் பேசாமல் நிற்க யாராலும் முடியாது, நாய் ஏற்கெனவே அடுத்த தடையான சுரங்கக் குழாய்க்குள் இருக்கும். குழாய்க்குள் போவதே அதற்குப் பரிசுதான். பாய்ந்த நாயை அப்படியே தொடர்ந்து ஓடவிட்டால், 'இங்கே வேறு சட்டம்' என்று அது கற்றுக்கொள்ளும். போட்டிக்குப் போட்டி ஏறிக்கொண்டே போகும் இந்த வியாதிக்கு அதுதான் காரணம்.

இங்கே பிரிட்டனில் கென்னல் கிளப் போட்டிகளில் 'நாட் ஃபார் காம்பெடிஷன்' (போட்டிக்கல்ல) என்று சொல்லிவிட்டு ஓடலாம், முடிவில் கணக்கில்லை, சத்தம் போடாத பொம்மையோடு ரிங்குக்குள்ளேயே பயிற்சி. உங்கள் ஏ.கே.சி.யிலும் எஃப்.இ.ஓ. (ஃபார் எக்ஸிபிஷன் ஒன்லி) என்று அதே மாதிரி உண்டு, பொம்மை கொண்டு போகலாம், உணவு கூடாது. சாதாரண ஓட்டத்திலும் 'ஃபிக்ஸ் அண்ட் கோ' இருக்கிறது, தவறிய தடையைத் திரும்பச் செய்துவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம், க்யூ மட்டும் கிடைக்காது. டாக்வாக்கில் பாய்ந்துவிட்டால் க்யூ ஏற்கெனவே போய்விட்டது, பின்னே எதைக் காப்பாற்ற அடுத்த தாண்டலுக்கு ஓடுகிறீர்கள்?

அப்புறம் ஒன்று. நல்ல ஓட்டம் ஓடுகிறாள், டாக்வாக்கில் அழகாக நின்றுவிட்டாள், க்யூ கண்ணுக்குத் தெரிகிறது. அப்போதுதான் எல்லோரும் அவசரமாக ரிலீஸ் கொடுப்பது. நோவிஸில் உங்களுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. நிற்கட்டும். மூச்சு விடுங்கள். பிறகு வார்த்தை.

---

சூரிச்_பனி எழுதியது:

அக்கா சொன்ன ஃபிக்ஸ் அண்ட் கோவில் ஒரு கவனம். திரும்பச் செய்ய வைக்கும்போது உங்கள் முகம் கறுத்திருந்தால் அது பயிற்சியில்லை, தண்டனைதான். நாய் டாக்வாக் ஏறவே தயங்கும். சிரித்துக்கொண்டு செய்ய முடியாத நாளில் விட்டுவிட்டு ரிங்கை விட்டு வெளியே வாங்கோ.

---

டெக்ஸாஸ்_வெயில் எழுதியது:

இந்த எஃப்.இ.ஓ. விஷயத்தை வகுப்பில் யாரும் வாய் திறந்து சொன்னதே இல்லை! அடுத்த போட்டிக்கு ஸ்டாண்டர்டை அப்படிப் பதிவு செய்கிறேன், ஜம்பர்ஸ் வழக்கம்போல. வீட்டுப் பலகை வெறும் பெயிண்ட்தான், இந்த வாரம் மணல் கலந்து அடித்துவிடுகிறேன். பூனை நடை தொடங்கியது திரும்பக் கூட்டிப் போக ஆரம்பித்த பிறகுதான், காரிலிருந்து குதிப்பதில் குறைவில்லை, இருந்தாலும் தோளை ஒருமுறை காட்டிவிடுகிறேன்.

அவளுக்குப் பிடித்த ஒரே பொம்மை கீச்சென்று கத்தும். அதற்குள்ளிருக்கும் பீப்பியைப் பிடுங்கிவிட்டால் ரிங்குக்குள் விடுவார்களா, புதிதாக ஒன்றை வாங்கிப் பழக்க வேண்டுமா?

---

கெண்ட்_மழை எழுதியது:

பிடுங்கினால் போதும், இங்கே பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். வீடியோ எடுக்கும்போது பக்கவாட்டில், பலகை உயரத்துக்கே கேமராவை வையுங்கள். அவள் கால் மட்டுமல்ல, உங்கள் காலும் படத்தில் விழ வேண்டும்.